சைக்கிளில் கிறீச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ரோடு சைக்கிளில் மிதிக்கும்போது கிறீச் என்று கேட்டால் உடனே பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் பேரிங் பகுதி) கழற்ற வேண்டாம். ஃபிரேம் உள்ளே வெற்றுக் குழாய்தானே, சத்தத்தை எங்கோ கடத்திக்கொண்டு போய்விடும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் எழும் சத்தம்கூடப் பெடல் பக்கம் கேட்பதுபோல் இருக்கும்.

முதலில் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் சீட்டோ சீட் போஸ்ட்டோதான் காரணம். அடுத்து மிதிக்காமல் உருளவிடுங்கள். அப்போதும் கேட்டால் சக்கரம் பக்கம் தேடுங்கள். ஓட்டாமல் நின்றபடி முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அழுத்தும்போது கேட்டால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பக்கம் பாருங்கள். பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஒரே இடத்தில் வந்தால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டிய கை), செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்) போல்ட் என்ற வரிசையில் பாருங்கள். பாட்டம் பிராக்கெட் கடைசிதான்.

பெரும்பாலும் தேய்மானம் காரணமாக இருக்காது. மண்ணும் காய்ந்துபோன கிரீஸும்தான். கழற்றி, துடைத்து, மரையில் புது கிரீஸ் தடவி மாட்டினாலே போதும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும், மறந்துவிடாதீர்கள்.

சீட் போஸ்ட்டோ ஃபிரேமோ கார்பன் ஃபைபர் என்றால் அங்கே கிரீஸ் வேண்டவே வேண்டாம். அதற்கென்றே உள்ள கார்பன் பேஸ்ட்டைத் தடவுங்கள். சத்தம் போகவில்லையே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவதும் ஆபத்து, கார்பன் விரிசல் விட்டுவிடும். ஸ்டெம்மில் பெரும்பாலும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு அச்சிட்டிருக்கும், பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள்.