இடுப்பு வலியோடு வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிமென்ட் மூட்டை இறக்குகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா, நடவு நடுகிறவர், மண்டியில் காய்கறி மூட்டை தூக்குகிற தம்பி என்று யாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும் இரண்டே யோசனைதான் கிடைக்கும். "ஒரு மாசம் அசையாம படு" என்பது ஒன்று. "ஒரு ஊசியைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போ" என்பது இன்னொன்று. அன்றாடக் கூலியில் வீடு நடத்துகிறவரால் முதலாவது முடியாது; முடிந்தாலும் அது பழைய, தவறான யோசனை. இரண்டாவது எல்லோராலும் முடியும் என்பதால்தான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. பெரும்பாலான இடுப்பு வலிக்கு இவை இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நடமாட்டத்தை நிறுத்தாமல், வேலை செய்யும் விதத்தைச் சில வாரங்களுக்கு மாற்றிக்கொள்வதுதான் அது.

படுத்தே கிடப்பது

1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. திடீர் இடுப்பு வலியோடு வந்தவர்களில் சிலரை இரண்டு நாள் முழுதாகப் படுக்கச் சொன்னார்கள், சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மீதிப் பேரை வலி தாங்குகிற அளவுக்கு வழக்கம்போல நடமாடச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் நடமாடியவர்கள்தான். படுத்தவர்கள்தான் மெதுவாகத் தேறினார்கள். வெறும் இரண்டு நாள் படுக்கைக்கே இப்படி என்றால், ஒரு மாதம் படுத்தால் இடுப்பைத் தாங்குகிற தசைகள் என்ன கதியாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும் முதல் ஓரிரு நாள் படுக்கலாம், அதுவும் இடையிடையேதான். மல்லாந்து படுத்து முழங்கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாலோ, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வைத்தாலோ இடுப்பு தளரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரைக்குமாவது நடக்க வேண்டும். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் ஏதோ அறுந்துபோகிறது என்று பயப்படத் தேவையில்லை.

கூடவே ஒன்றைக் கவனியுங்கள். கால் வரை இழுத்த வலி மெல்ல மேலே ஏறி இடுப்பில் மட்டும் ஒடுங்கினால், இடுப்பில் சற்றுக் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி. ஏதாவது ஒரு அசைவில் வலி கெண்டைக்காலை நோக்கி இறங்கினால் அந்த அசைவைச் சில நாள் விட்டுவிடுங்கள்.

ஊசி போட்டுக்கொண்டு மூட்டை தூக்குவது

டைக்ளோஃபெனாக் ஊசி வலியை அமுக்கும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் சில நாள் போட்டுக்கொள்வதில் தவறில்லை. அந்த அமுங்கிய வலியை 'சரியாப் போச்சு' என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே லாரி ஏறுவதுதான் தவறு. ஊசியின் வேகம் இருக்கும் சில மணி நேரம் உடம்பு எந்த எச்சரிக்கையும் தராது. அதற்குள் செய்த வேலைக்கு மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் போகும்.

மருந்துக் கடையில் "இடுப்பு வலிக்கு ரெண்டு செட் மாத்திரை" என்று கேட்டு வாங்குவது இன்னும் மோசம். பேர் தெரியாமல் கிள்ளிக் கொடுக்கும் மாத்திரைகளில் சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண். அதோடு சாராயமும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரைக்கும் போகும். சிறுநீரகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. வெயிலில் வேர்வை கொட்டி, தண்ணீரும் குடிக்காத உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் வலி மாத்திரையும் தினமும் போடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

ஸ்கேனைப் பார்த்துப் பயப்படுவது

"ஜவ்வு விலகிருச்சு, இனிமே குனியவே கூடாது" என்ற ஒரு வரி பல குடும்பங்களின் பிழைப்பையே மாற்றியிருக்கிறது. 2015-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 40 வயதில் பாதிப் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் அந்த ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியிருந்தது. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. ஸ்கேனில் தெரிகிற பிதுக்கம்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதே இதன் அர்த்தம். உண்மையாகவே ஜவ்வு நரம்பை அழுத்தி வலி காலுக்கு இறங்கினாலும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை இல்லாமலே தணிந்துவிடுகிறது. கடன் வாங்கி ஸ்கேன் எடுக்கும் முன்பு, அரசு மருத்துவமனையில் கை கால் பலத்தையும் உணர்ச்சியையும் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன வேலை, எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

தூக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள்

ஒரு சித்தாளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கலவையை மண்வெட்டியால் இழுத்து பாண்டில், அதாவது இரும்புச் சட்டியில், அள்ளுகிறார். பாண்டு காலடியில் இல்லை, ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறது. கால்களை அசைக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, கையை நீட்டி அதன் விளிம்பைப் பிடிக்கிறார். தூக்கும்போதே உடம்பைத் திருப்பி, சாரத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார். இந்த ஒரு அசைவில் மூன்று தவறு இருக்கிறது: சுமை தள்ளி இருக்கிறது, குனிந்தபடியே திரும்புகிறார், கால் நகரவில்லை.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்பின் அச்சிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. 20 கிலோ பாண்டை அச்சிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைச் சமன் செய்யத் தசை கிட்டத்தட்ட 200 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். அதே பாண்டை வயிற்றோடு ஒட்டி 25 சென்டிமீட்டரில் பிடித்தால் 100 கிலோ போதும். குனிந்த உடம்பின் எடை இதில் சேரவே இல்லை. தசை இழுக்கும் விசை முழுக்க இடுப்பு ஜவ்வின் மேல்தான் இறங்குகிறது. அதனால் தூக்கும் முன் சுமையைக் காலுக்கு அருகே இழுத்துக்கொள்வது, வேறு எந்த நுணுக்கத்தையும்விடப் பலன் தரும்.

"முதுகை வளைக்காதே, உட்கார்ந்துதான் எழ வேண்டும்" என்ற பாடத்தை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அதை மட்டும் கற்றுக்கொடுத்த இடங்களில் இடுப்பு வலி பெரிதாகக் குறையவில்லை. ஒரு நாளில் நூறு தடவை குந்தி எழுந்தால் முழங்கால் ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு எல்லோரும் பழையபடிதான் தூக்குவார்கள். என்னைக் கேட்டால், உடம்போடு ஒட்டிப் பிடி, கால் வைத்துத் திரும்பு, முடிந்தால் தரையிலிருந்து தூக்காதே என்ற மூன்றையும் விடாமல் கடைப்பிடித்தால் போதும்.

மூன்றாவதுதான் அதிகம் மறக்கப்படுகிறது. சிமென்ட் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் தொடை உயரத்துக்கு ஒரு மேடை போட்டு அடுக்கினால், பாதி வேலையை அந்த மேடையே செய்துவிடும். செங்கலுக்கும் அப்படியே, கீழ் வரிசையில் நாலு ஹாலோ பிளாக்கை வைத்து மேலே பலகை போட்டாலே போதும். தலைச்சுமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சும்மாட்டின் மேல் ஏறிவிட்ட சுமை உடம்பின் அச்சிலேயே நிற்பதால் இடுப்பை முன்னால் இழுக்காது. கழுத்துக்குப் பாரம் என்பது உண்மைதான், ஆனால் இடுப்பு பிடிப்பது பெரும்பாலும் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். அந்த நேரத்தில் தூக்கிவிட இன்னொரு ஆளைக் கூப்பிடக் கூச்சப்படக் கூடாது.

நம் ஊர் சிமென்ட் மூட்டை 50 கிலோ. 1998-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகள், உதவியின்றித் தூக்க ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வரம்பு வைத்தன. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமோ, எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையில், அதாவது உடம்போடு ஒட்டி, திரும்பாமல், தரைக்கு மேலே நல்ல உயரத்திலிருந்து தூக்கும்போதே 23 கிலோ என்கிறது. சட்டம் அனுமதிக்கும் எடை எல்லாம் உடம்புக்கு ஏற்ற எடை என்று நினைத்துவிடாதீர்கள். வலி இருக்கும் வாரங்களில் மூட்டையை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது இரண்டு பேராகத் தூக்குங்கள்.

நேரம் பார்க்காமல் குனிவது

இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வு நீர் உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் ஜவ்வின் மேல் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். ஆனால் நம் வீடுகளில் பெண்கள் எழுந்ததும் செய்யும் வேலையெல்லாம் குனிந்து செய்வதுதான்: வாசல் கூட்டி, சாணி அள்ளி, குழாயடியில் குடம் பிடித்து, கோலம் போட்டு, பிறகுதான் நடவுக்கோ கட்டட வேலைக்கோ கிளம்புகிறார்கள். நிரம்பிய குடம் ஏறத்தாழ 15 கிலோ, அதுவும் ஒரு பக்க இடுப்பில். வலி இருக்கும் நாள்களில் இந்த ஒரு மணி நேர வேலையை வீட்டிலுள்ள ஆண்கள் எடுத்துக்கொள்வது எந்தத் தைலத்தையும்விட நல்ல வைத்தியம்.

இன்னொரு நேரமும் கவனிக்க வேண்டியது. ஒரு மணி நேரம் குனிந்தே நட்ட பிறகோ, லாரியில் கூனிக்குறுகி உட்கார்ந்து வந்த பிறகோ, முதுகின் தசைநார்கள் இளகிப்போய்ப் பிடிமானம் குறைந்திருக்கும். அந்த நிமிடமே நாற்றுக்கட்டையோ மூட்டையையோ தூக்கக் கூடாது. நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் நாலைந்து தடவை சாய்ந்து, வரப்பில் கொஞ்சம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

பெல்ட், துண்டு, தைலம்

சுமை தூக்குகிறவர்கள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டுவதும், கடையில் பெல்ட் வாங்கிப் போடுவதும் தெம்பு தரும். வலி வராமல் காக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கடைகளில் சரக்கு தூக்கும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை. பெல்ட் இருக்கிற தைரியத்தில் இன்னும் பத்து கிலோ கூட்டித் தூக்குவதுதான் அதில் உள்ள கெடுதல்.

வெந்நீர் ஒத்தடம் நல்லது. தைலம் தேய்ப்பதும் சரிதான். முதுகில் ஏறி மிதிப்பது, வெடுக்கென்று திருப்பிச் சுளுக்கு எடுப்பது இரண்டும் வேண்டாம். வயதான பெண்களுக்கும், கால் மரத்திருப்பவர்களுக்கும் கூடவே கூடாது. மரத்த இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துபோகும்.

காத்திருக்கக் கூடாத வலி

மேலே சொன்னதெல்லாம் சாதாரண இடுப்பு வலிக்கு. சிறுநீர் வரவில்லை அல்லது தெரியாமல் போகிறது, மலம் அடக்க முடியவில்லை, பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் மரத்திருக்கிறது, இரண்டு காலும் தளர்கிறது என்றால் அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நரம்புக் கற்றை நசுங்கும் அந்த நிலையில் ஒரு நாள் தாமதித்தாலும் அதன் பாதிப்பு ஆயுள் முழுக்கத் தொடரலாம். ஒரு காலில் செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடக்கிறீர்களா, குதிகாலில் நின்று நடக்க முடியவில்லையா, அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, படுத்தாலும் விடாத இரவு வலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் சுருட்டிப் பிடித்து வாந்தியோடு வந்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் எலும்பு முறிவைப் பார்க்காமல் விடக் கூடாது.

மேஸ்திரிகளுக்கும் நிலக்காரர்களுக்கும்

இடுப்பு வலியோடு வருகிற ஆளை "முடியலேன்னா போ" என்று அனுப்பாமல், இரண்டு மூன்று வாரம் வேலையை மாற்றிக் கொடுக்கலாம். கியூரிங்குக்குத் தண்ணீர் அடிப்பது, நின்றபடி செய்யும் பூச்சு வேலை, இடுப்பு உயரத்தில் பொருளை ஆளுக்கு ஆள் கைமாற்றும் வேலை எல்லாம் பொருந்தும். கம்பி கட்டுவதும் தரையில் டைல்ஸ் ஒட்டுவதும் அந்த நாள்களில் வேண்டாம். சுமை தூக்குவதற்குத் திரும்பும்போது முதல் வாரம் பாதி எடை, பாதி நேரம் என்று ஏற்றிக்கொண்டு போனால் மறுபடி பிடிப்பது குறையும்.

கருவியையும் பாருங்கள். கலிபோர்னியாவின் வயல்களில் பல பத்தாண்டுகளாகக் கைப்பிடி குட்டையான களைக்கொட்டைத்தான் கொடுத்தார்கள். அதைப் பிடித்து நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை செய்த கூலியாள்களின் முதுகு கெட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-இல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. நீண்ட கைப்பிடியோடு அதே களையை நின்றபடி எடுத்தார்கள். நம் மண்வெட்டியின் கைப்பிடியும் பெரும்பாலும் குட்டைதான். அள்ளுகிறவரின் உயரத்துக்கு ஏற்ப ஒரு முழம் நீளமான பிடி போட்டுக் கொடுங்கள். வரிசை நடவு உள்ள வயலில் நின்றபடி தள்ளிக் களை எடுக்கும் கோனோவீடர் கருவியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வையுங்கள்.