தோற்றத்தை விட்டுக் கணக்கைப் படியுங்கள்: புதுச்சேரி, கடலூர்க் கரையில் வீடு கட்டுவோருக்கு

புதுச்சேரியிலோ கடலூரிலோ வீடு கட்டத் தொடங்குபவர்களிடம் இன்று படங்களுக்குக் குறைவில்லை. கைபேசியில் சேர்த்துவைத்த எலிவேஷன் (முகப்பு) படங்களைக் காட்டி, இதைப் போலவே வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்த ஊர் வெயிலுக்காக, எந்தக் காற்றுக்காக, எத்தனை அகல மனைக்காக அந்த வடிவம் பிறந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரிய கட்டடக் கலைஞர்களின் வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது அந்தக் கணக்குதான். அதைப் படித்து நம் மனைக்குப் பொருத்தும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு நல்ல கட்டடத்தின் முன் போய் நில்லுங்கள். அதற்கு இந்தக் கரையில் புதுச்சேரியின் கோல்கொண்டேவை விடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937-இல் வேலை தொடங்கி, 1940-களில் முடிந்த தங்கும் விடுதி அது. அவருடன் பணியாற்றிய பிரான்டிசெக் சாமர், ஜார்ஜ் நகாஷிமா ஆகிய இருவரும் இங்கேயே தங்கி வேலையை நடத்தினார்கள். இந்தியாவில் கம்பி கட்டிய கான்கிரீட்டால் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இன்றும் அங்கே ஆட்கள் தங்கியிருப்பதால் உள்ளே செல்ல முன் அனுமதி பெற வேண்டும். ஆனால் தெருவில் நின்று பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

அங்கே முகப்பை வரையாமல் குறுக்குவெட்டை, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே தெரிவதை, வரைந்து பாருங்கள். கட்டடம் நீளமாகவும் ஒல்லியாகவும் நிற்கிறது. நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க, கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் குறுகிய சுவர்களோடு நின்றுவிடுகின்றன. நீண்ட பக்கம் இரண்டிலும் சன்னல்களுக்குப் பதிலாக, திருப்பி வைக்கக்கூடிய கிடைப்பலகைகள் முழுச்சுவராகவே அமைந்துள்ளன. அறைகள் தெற்கில், நடைவழி வடக்கில், இரண்டுக்கும் இடையே காற்று புகும் தேக்கு நகர்கதவுகள் என்பதால், கதவு சாத்தியிருந்தாலும் காற்று ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டம் வரை அறையைக் கடந்து போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் சாரலை அறைக்கு முன்பாக நடைவழி வாங்கிக்கொள்கிறது. கூரையில் தளத்துக்கு மேலே, வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருக்கிறார்கள். வெயில் அந்த ஓட்டைச் சுடுகிறது, இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகிறது, அடியில் உள்ள தளம் நிழலில் இருக்கிறது. இவ்வளவையும் வரைந்து முடித்தால், அந்த முகப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துவிடக் கூடாது: அங்குள்ள பலகைகள் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. அதன் இழைகள் நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று தெரிந்த செய்தி. நீங்கள் தேக்கிலோ பூச்சுப் பூசிய அலுமினியத்திலோ செய்துகொள்ளலாம்.

அதே நாளில் தமிழர் பகுதியில் வைசியாள் வீதியையும் பார்த்துவிடுங்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்ற வரிசையை நாம் பழமை என்று ஒதுக்குகிறோம். உண்மையில் அதுவும் கோல்கொண்டே செய்யும் அதே வேலையை, பக்கச் சுவர் ஒட்டிய குறுகிய மனையில் செய்துகாட்டுகிறது.

அடுத்து உங்கள் மனைக்கு வாருங்கள். காலை, நடுப்பகல், மாலை மூன்று வேளையும் அங்கே நின்று நிழலையும் காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சுவருக்கு வெயிலே படாது என்று வட இந்தியாவை வைத்து எழுதிய குறிப்புகள் இங்கே செல்லாது. வடக்குச் சன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். கோடையில் காலை முதல் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று சுடும்; பிற்பகலில் கடற்காற்று ஏறிய பிறகே உடல் ஆறும். ஆகவே கிழக்கிலும் தென்கிழக்கிலும் பெரிய திறப்புகளும், அந்தக் காற்று வெளியேற எதிர்ப்பக்கம் உயரத்தில் வழியும் இருக்க வேண்டும். வெளியேற வழி இல்லாத அறைக்குள் காற்று நுழைவதே இல்லை.

இந்தக் குறிப்புகள் கையில் இருந்தால், பிற கலைஞர்களின் வேலையை நிறுத்துப் பார்க்க முடியும். சார்லஸ் கொரியா 1960-களின் தொடக்கத்தில் அகமதாபாதில் கட்டிய குழாய் வீடு சுமார் 12 அடி அகலமே உடையது. சாய்ந்த கூரையின் உட்புறமாக ஏறும் வெப்பக் காற்று உச்சியில் வெளியேறும்படி அதை அமைத்தார். நம் 20 அடி மனைகளுக்கு அந்த எண்ணம் மிகவும் உதவும். ஆனால் அகமதாபாதின் சூடு வறண்டது, நம்முடையது புழுக்கம். இங்கே காற்று மேலே போனால் மட்டும் போதாது, படுத்திருப்பவர் மேல் பட்டுப் போக வேண்டும். அந்த வகையில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நமக்கு நெருங்கியவர். கொழும்பில் 1962-இல் முடிந்த ஏனா டி சில்வா வீட்டில், நகரத்து மனையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, நடுவே பெரிய முற்றம் விட்டு, அறைகளையெல்லாம் அதை நோக்கித் திறந்தார். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கும் கடலூர் மனைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

புர்கினா ஃபாசோவில் பிரான்சிஸ் கெரே கட்டிய காந்தோ பள்ளியில், மண்கல் கூரைக்கு மேல் தகரக் கூரையை உயர்த்தி நிறுத்தியிருக்கிறார். இரண்டுக்கும் இடையே காற்று ஓடுகிறது. கோல்கொண்டே கான்கிரீட்டில் செய்ததை அவர் தகரத்தில் செய்தார். நம் ஊரில் மொட்டை மாடியில் ஷீட் கொட்டகை போடுபவர்கள் பாதி வழி வந்துவிட்டார்கள் என்றே சொல்வேன். பக்கங்களை அடைக்காமல் விட்டு, தூண்களைத் தளத்தின் கம்பியோடு சேர்த்து நிறுத்தினால் அதே பலன் கிடைக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைக் கண்டவர்களுக்கு, சரியாகப் பிணைக்காத ஷீட் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பொருள்களுக்கும் இதே கணக்குதான். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற சுவர் கட்டும் முறையில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால், செங்கல் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சமாகிறது, சுவரும் சூட்டை மெதுவாகவே கடத்துகிறது. ஆரோவில்லில் அனுபமா குண்டூ 2000-இல் கட்டிய சுவர் வீடு, அச்சுக்கல் எனப்படும் நம் பகுதியின் சிறிய செங்கல்லைக் கொண்டே எழுந்தது. செங்கல்லை வெளியே காட்டுவதாக இருந்தால், அதில் பழகிய கொத்தனார் கிடைக்கிறாரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பூச்சு மறைத்துவிடும் பிழை எதையும் அந்தச் சுவர் மறைக்காது.

இனிக் கட்டடக் கலைஞரிடம் போகலாம். படத்தை நீட்டாமல், வீடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: மே மாத இரவில் மின்விசிறி மட்டும் போட்டுத் தூங்க முடிய வேண்டும், அடைமழையிலும் ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும், மேற்குச் சுவரில் படுக்கையறை கூடாது, படிக்கட்டும் குளியலறையும் அங்கே போகட்டும். வரைபடம் வந்ததும் குறுக்குவெட்டைக் கேளுங்கள். அதில் காற்று வரும் வழியையும் போகும் வழியையும் அம்புக்குறியாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகப்புக்கு இரண்டு தாள் இருந்து, குறுக்குவெட்டுக்கு ஒன்றுமே இல்லை என்றால், வேலை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

கடைசியாக, உப்புக்காற்று. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்வதே இந்தக் கரையில் நல்ல வடிவமைப்பையும் கெடுத்துவிடுகிறது. கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, எம்30 என்ற வலிமைத் தரத்தையும் 45 மில்லிமீட்டர் கவரையும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. சன்ஷேட் போன்ற மெல்லிய பகுதிகளில்தான் மேஸ்திரிகள் வழக்கமாக இதைக் குறைத்துவிடுகிறார்கள். அந்தக் கனத்துக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே வாங்கி வைத்து, கான்கிரீட் கொட்டும் நாளுக்கு முந்தைய மாலையில் கம்பிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து பாருங்கள். அந்த மாலை கட்டடக் கலைஞரும் வந்து பார்ப்பார் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே, எத்தனை தளமோ அத்தனை முறை என்று, எழுதி வாங்கிவிடுங்கள்.