எக்கோ அறிக்கையில் இதயக் கீழறைகளின் நிலையைப் படிப்பது எப்படி?

குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் வேலூருக்கு வந்து எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுத்துக்கொள்பவர்களில் பலர், அறிக்கையில் ‘இ.எஃப். 58%’ என்றிருப்பதைக் கண்டதும் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று கலங்கிவிடுகிறார்கள். அது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் அன்று; இடது கீழறை தன்னுள் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியேற்றுகிறது என்பதே இ.எஃப். (எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்). இடது கீழறை விரிந்து நிரம்பும்போது 120 மி.லி. இரத்தம் கொள்கிறது, சுருங்கி முடித்தபின் 50 மி.லி. எஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், பெருந்தமனிக்குள் சென்ற 70 மி.லி.யை 120ஆல் வகுத்துக் கிடைப்பதே இந்த 58%. எந்த நல்ல இதயமும் ஒரே துடிப்பில் தன்னை முழுவதும் காலி செய்துகொள்வதில்லை. ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் இயல்பு. 40உம் அதற்குக் கீழும் சுருங்கும் திறன் தெளிவாகக் குறைந்த நிலை.

அடுத்து, அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் தடவிப் படம் பிடிப்பவர், திரையை நிறுத்திக் கீழறையின் உட்சுவரைச் சுற்றிக் கோடு வரைவார். ‘சிம்ப்சன்’ என்று குறிப்பிடப்படுவது அந்த முறைதான். கண்மதிப்பாகச் சொல்வதும் உண்டு. கோடு சற்று விலகினாலும் எண் மாறும் என்பதால், சென்ற ஆண்டு 58, இப்போது 54 என்பதை மட்டும் வைத்து இதயம் தளர்ந்துவிட்டதாக முடிவு கட்டலாகாது. பழைய அறிக்கையை உடன் கொண்டுபோங்கள். (சாதாரண எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை, முதல் பேருந்தில் பட்டினியாக வருவது வீண்.)

‘ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ (சுவரசைவில் ஓரிடக் குறைபாடு) இருப்பதாக எழுதியிருந்தால், கீழறைச் சுவரின் ஒரு பகுதி மற்றப் பகுதிகளோடு சேர்ந்து சுருங்கவில்லை என்று பொருள். அடைபட்ட இரத்தக்குழாயோ பழைய மாரடைப்போ காரணமாக இருக்கக்கூடும்.

என் பார்வையில், பலரும் தாண்டிச் செல்லும் ‘டயஸ்டாலிக்’ வரியே (கீழறை தளர்ந்து நிரம்பும் நிலையைச் சொல்வது) கவனமாகப் படிக்க வேண்டியது. நெடுநாள் இரத்த அழுத்தத்தால் தடித்து விறைத்த கீழறை நன்றாகச் சுருங்கினாலும் எளிதில் தளர்ந்து நிரம்பாது. இந்தக் குறையின் லேசான நிலையான ‘கிரேடு 1’ முதியவர்களிடம் பரவலாகக் காணப்படுவதே. ஆனால் கிரேடு 2, 3 என்றிருந்து, படுத்தால் மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் இருக்குமானால், இ.எஃப். 60 என்றாலும் இதயச் செயலிழப்பாக இருக்கலாம்.

வலது கீழறை நுரையீரலுக்கு மட்டும் குறைந்த அழுத்தத்தில் இரத்தம் அனுப்புவதால் அதன் சுவர் மெல்லியது. அது எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது என்பதை அறிய ‘டாப்சி’ அளவைப் பாருங்கள், 17 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.