பணக்கார ஏரியால மிடில் கிளாஸ் நிஜமாவே சுருங்குதான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

முதல்ல சராசரி வருமானத்த தூக்கி ஓரமா வைங்க. பத்து பேர் ஆளுக்கு 50 சம்பாதிக்கிறாங்க, அதுல ஒருத்தருக்கு மட்டும் 1,050 ஆயிடுச்சுன்னா சராசரி 150னு காட்டும், ஆனா மத்த ஒம்பது பேர் பாக்கெட்ல ஒத்த ரூபா கூட ஏறிருக்காது. அதனால மீடியன் பாருங்க, எல்லாரையும் வருமானப்படி வரிசைல நிக்க வச்சா நட்ட நடுவுல நிக்கிறவர் வாங்குறது.

அப்புறம் மிடில் கிளாஸ்னா யாருன்னு ஒரு கோடு போடணும். அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ ரிசர்ச் சென்டர் மீடியன்ல மூணுல ரெண்டு பங்குல ஆரம்பிச்சு ரெண்டு மடங்கு வரைக்கும் எடுத்துக்குறாங்க, பெரும்பாலும் பணக்கார நாடுங்க சேந்த கூட்டமைப்பான ஓஇசிடி மீடியன்ல 75%லேர்ந்து 200%. ஏதோ ஒண்ண புடிங்க, பாதில மாத்தாதீங்க. வீட்ல எத்தன பேருங்குறதையும் கணக்குல சேக்கணும்.

இப்ப போனவங்க எங்க போனாங்கன்னு பாக்கணும், இதத்தான் நெறைய பேர் ஸ்கிப் பண்றாங்க. பியூ கணக்குப்படி அமெரிக்கால 1971ல 61% இருந்த மிடில் கிளாஸ் 2021ல 50% ஆச்சு, ஆனா மேல் தட்டு 14லேர்ந்து 21%, கீழ் தட்டு 25லேர்ந்து 29%. ஆக எல்லாரும் கீழ விழுந்துட்டாங்கன்னு கத்துறதும் தப்பு, ஒண்ணுமே ஆகலங்குறதும் தப்பு.

பணக்கார ஏரியால இன்னொரு வில்லங்கம் இருக்கு, வாடகை தாங்காம கம்மி சம்பளக்காரங்க காலி பண்ணிட்டு போனாலே யாருக்கும் சம்பளம் ஏறாம மீடியன் மட்டும் ஏறிடும். வெளிய போனவங்க கணக்கையும், வாடகை கட்டினப்புறம் கைல மிஞ்சுறதையும் சேத்து வச்சு பாத்தா இது மாட்டிக்கும்.