பகலில் மாட்டாத தேதிப் பிழைகள்

சிங்கப்பூரில் ஓடும் நிரலில் தேதி பிசகினால், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலை 8 மணிக்கும் நடுவில்தான் பிசகும். நம் கடிகாரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரத்தைவிட) 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 2025 ஆகஸ்ட் 9 அதிகாலை 3 மணிக்கு ஜாவாஸ்கிரிப்டில், நேரத்தை யுடிசியில் எழுதித் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு, முதல் 10 எழுத்தை வெட்டி எடுங்கள்: 2025-08-08 வரும். தேசிய தினத்துக்கு முந்தின நாள்! பகலில் வேலைக்கு வந்து சோதிக்கிறவர் கண்ணில் இது படவே படாது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவரின் வருகைப்பதிவில் போய்த்தான் விடியும். ஆகவே, கணினி நேரத்தை அதிகாலை 3க்கு மாற்றி வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பிறந்த தேதியை டைம்ஸ்டாம்ப்பாக, அதாவது மணியோடு கூடிய ஒரு கணமாக, சேமிப்பது. பிறந்த தேதிக்கு மணியும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. இல்லாத நள்ளிரவை நாமே ஒட்டிவைத்தால், அது எங்காவது நகர்ந்துதான் தீரும். 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்கு சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, நேரே 1982க்குள் போனது. அதுவரை நாம் யுடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால். ஒரு நிரலர் ‘எப்போதும் +8’ என்று கணக்கிட்டுச் சேமிக்கிறார். இன்னொருவர், பழைய மாற்றங்களையும் கணக்கில் கொள்ளும் ‘ஏஷியா/சிங்கப்பூர்’ மண்டலத்தை வைத்துப் படிக்கிறார். 1975 மே 10இல் பிறந்தவருக்குத் திரையில் மே 9, இரவு 11:30 என்று வரும். சோதனைத் தரவில் 1990க்குப் பிறகு பிறந்தவர்கள் மட்டும் இருந்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஜாவாவில் லோக்கல்டேட், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் டேட் என்று வெறும் தேதிக்கென்றே வகைகள் இருக்கும்போது ஏன் இந்த வம்பு?

நாள், மாத வரிசை பழைய தலைவலி. நாம் 03/04 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி அது மார்ச் 4. நாள் 12ஐத் தாண்டினால்தான் நிரல் கத்தும். அதுவரை சத்தமில்லாமல் தப்பாகவே ஓடும். திரையில் எப்படி வேண்டுமானாலும் காட்டுங்கள். அமைப்புகளுக்கு இடையே அனுப்பும்போது ஆண்டு-மாதம்-நாள் மட்டும் போதும்.

ஜாவாவில் தேதியை வடிவமைக்கும் எழுத்துகளில் பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். இதைக் குழப்பினால் சீக்கிரமே தெரிந்துவிடும். ஒய் அப்படியல்ல. ஆண்டுக்குச் சிறிய ஒய் போட வேண்டும். பெரிய ஒய் வாரக் கணக்கிலான ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருமோ அந்த ஆண்டு. அதைப் போட்டால் 2024 டிசம்பர் 30 என்பது 2025-12-30 ஆகிவிடும். மற்ற மாதங்களில் சாதுவாக இருந்துவிட்டு, ஆளெல்லாம் லீவில் போன ஆண்டுக் கடைசியில்தான் வேலையைக் காட்டும்.