டாலியா கிழங்கு வாங்கினவங்க முதல்ல தண்ணி ஊத்தாதீங்க

டாலியா ஊட்டி, கொடைக்கானல்ல மட்டும்தான் வரும்னு நிறைய பேர் விட்டுடறாங்க. நம்ம சமவெளியிலயும் வரும், ஆனா குளிர்கால செடியா நினைச்சு வைக்கணும். மழை விட்ட நேரமா பாத்து, நவம்பர் வாக்குல நட்டா தை மாசம் பூ பார்க்கலாம், பங்குனி வெயில் ஏறிட்டா பூ சிறுத்துப் போயிடும்.

கிழங்கு வாங்கும்போது குண்டா இருக்கான்னு பாக்காதீங்க, கண்ணு இருக்கான்னு பாருங்க. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பு முழுக்க கண்ணு இருக்காது இதுக்கு, பழைய தண்டு ஒட்டியிருக்கிற கழுத்துப் பக்கம் மட்டும்தான் முளைக்கும், கழுத்து ஒடிஞ்ச கிழங்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் வேர் விடுமே தவிர செடி வராது.

12 இன்ச் தொட்டி, அடியில நல்ல ஓட்டை. செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. 4 இன்ச் ஆழத்துல கிழங்க படுக்க வச்சு மூடுங்க, செடிய தாங்கிப் பிடிக்கிற குச்சிய அப்பவே ஊனிடுங்க, அப்புறம் குத்தினா கிழங்குல இறங்கிடும். மண்ணு லேசா ஈரமா இருந்தா போதும், முளை வெளிய வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தவே வேண்டாம். நான் முதல் வருஷம் ஆசையில தினமும் ஊத்தி நாலு கிழங்கையும் அழுக விட்டேன், தோண்டிப் பாத்தா கூழு, அன்னைக்கு மனசு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு. முளைக்கிறதுக்கு மூணு வாரம் கூட ஆகும், பொறுமையா இருங்க. முளைச்சு வளந்த பிறகு கதையே வேற, தண்ணி நிறைய கேக்கும், காலைல வேர்ல ஊத்துங்க.

நாலு ஜோடி இலை வந்ததும் நுனிய கிள்ளிடுங்க. மனசு வராதுதான், ஆனா கிள்ளினாதான் பக்கக்கிளை வெடிச்சு பூ நிறைய வரும். பூ பெருசா வேணும்னா நடு மொட்ட விட்டுட்டு பக்கத்துல இருக்கிற ரெண்டு குட்டி மொட்ட எடுத்துடணும். யூரியா பக்கம் போகாதீங்க, இலைதான் தளதளன்னு வரும், மொட்டு கட்டுற நேரத்துல சாம்பல் சத்து (பொட்டாஷ்) உள்ள உரம் குடுங்க.

வாடின பூவ உடனே வெட்டிடுங்க. புது மொட்டு உருண்டையா இருக்கும், வாடி முடிஞ்சது கூம்பா இருக்கும், இது தெரியாம மொட்ட வெட்டிடறவங்க நிறைய பேரு. ஜாடியில வைக்கறதுன்னா முழுசா விரிஞ்சத வெட்டுங்க, மொட்டா வெட்டினா அப்புறம் விரியாது.

வெயில் ஏற ஏற இலைக்கு அடியில செம்பேன் வரும், இலை வெளுத்து புள்ளி புள்ளியா ஆகும். சாயங்காலமா வேப்ப எண்ணெய் கரைசல் அடிச்சா பரவாம பாத்துக்கலாம்.

செடி தானா காய்ஞ்ச பிறகு கிழங்க எடுத்து, நிழல்ல ரெண்டு நாள் உலத்தி, காய்ஞ்ச மணல்ல புதைச்சு வீட்லயே குளுமையான மூலையில வைங்க. மாசம் ஒரு தடவ பாருங்க, சுருங்கினா லேசா தண்ணி தெளிங்க, அழுகினத தூக்கிப் போடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடியே எந்த தொட்டி என்ன கலர்னு எழுதி வச்சிடுங்க, கிழங்க பாத்து மஞ்சளா செவப்பான்னு கண்டுபிடிக்க முடியாது.