தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறும் அம்மாக்களும், ஓ.ஆர்.எஸ். கரைக்கும்போது நாம் செய்யும் தவறுகளும்

பஸ் இரவு ஒன்பது மணிக்குத்தான். ஆனால் மதியச் சாப்பாட்டோடு அம்மா தண்ணீரை நிறுத்திவிடுவார். சென்னையிலிருந்து திருநெல்வேலி, பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம். "கொஞ்சம் குடிங்கம்மா" என்றால், "வேண்டாம்ப்பா, அப்புறம் நடுவழியில எங்க போறது?" என்பார். காலையில் இறங்கும்போது உதடு வெளுத்திருக்கும், நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சே குழறும். நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் பையிலேயே கிடக்கும். இரண்டு நாளில் நீர்க்கடுப்பு வந்துவிடும். "பஸ் சூடு, வேற ஒண்ணுமில்ல" என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுப்பார். பல வருஷம் நானும் அதைச் சூடு என்றே நம்பினேன்.

உடம்பில் நடப்பது இதுதான். குடிக்கும் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் இருப்பதைச் சேமிக்கப் பார்க்கும். சிறுநீர் குறைந்து கெட்டியாகும். வந்த கொஞ்சத்தையும் அடக்கிவைத்தால், சிறுநீரோடு அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டிய கிருமிகள் சிறுநீர்ப்பையிலேயே தங்கிப் பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு என்பதால் கிருமி உள்ளே ஏறுவதும் எளிது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் 140 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. எல்லாருமே நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்தவர்கள். அதில் பாதிப் பேரை மட்டும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறைதான் தொற்று வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 முறை.

இது என் அம்மாவோடு முடிகிற விஷயம் இல்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பந்தோபஸ்துக்கு நிற்கும் பெண் போலீசார், நடவுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்தேதான் தாகத்தோடு இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல காரியம். சுத்தமான கழிவறைக்கும் அதே அக்கறை வேண்டும். பள்ளிகளில் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வைக்கும் 'வாட்டர் பெல்' முறை 2019-ல் கேரளத்தில் பேசப்பட்டு, பிறகு நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத, குழாயில் தண்ணீர் வராத கழிவறையை வைத்துக்கொண்டு மணி மட்டும் அடித்தால், பெண் பிள்ளைகள் காலையில் கொண்டுபோன பாட்டிலை மாலையில் அப்படியேதான் திருப்பிக் கொண்டுவருவார்கள். உங்கள் மகளின் பாட்டில் மாலையில் கனமாக இருந்தால் திட்டாதீர்கள். பள்ளியில் கழிவறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

பயணத்துக்கு முன் தண்ணீரை அடியோடு நிறுத்தத் தேவையே இல்லை. பகல் முழுக்க வழக்கம்போல் குடியுங்கள். கடைசி ஒன்றரை, இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொண்டு, ஏறும் முன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். வழியில் தொண்டை நனைகிற அளவுக்கு அவ்வப்போது குடிக்கலாம். பஸ் நிற்கும் இடத்தில் அவசரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கிப் போய்வருவது நல்லது. வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படவே கூடாது. நான் இப்போது அம்மாவுக்கு ரயிலில்தான், அதுவும் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுக்கிறேன். நீர்க்கடுப்பு என்ற பேச்சு வீட்டில் குறைந்துவிட்டது.

அடுத்த தவறு, வயதானவர்களிடம் "தாகமா இருக்கா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் விட்டுவிடுவது. வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிப்போகும். உடம்பில் நீர் குறைந்திருந்தும் தாகம் தெரியாது. பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை) சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் சீக்கிரம் வற்றிப்போவார். கத்திரி வெயில் நாளில் பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், எழும்போது தள்ளாடினால், "வயசாயிடுச்சு" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நீர்ச்சத்துக் குறைவாக இருக்கலாம், இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கியிருக்கலாம், வெயில் தாக்கமாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்ற நாட்களில் கேட்பதைவிடக் கையில் கொடுப்பதே பலிக்கும். காலையில் பழையசோற்று நீராகாரம், பதினோரு மணிக்கு உப்புப் போட்ட நீர்மோர், மாலையில் ஒரு கீற்றுத் தர்பூசணி என்று நேரம் வைத்துக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடிதான் ஓ.ஆர்.எஸ். அதன் பெரிய பாக்கெட்டில் இருப்பது 20.5 கிராம் பொடி. அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்ன பாக்கெட்டும் வருகிறது, அதற்கான தண்ணீர் அளவு மேலேயே அச்சிட்டிருக்கும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஒரு டம்ளர் தண்ணீரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குகிறோம். கெட்டியாக இருந்தால் சத்து அதிகம் என்ற நினைப்பு. குடலில் உப்பும் சர்க்கரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரத்தத்துக்குள் போகும்போது தண்ணீரும் கூடவே போகும். அளவு சரியாக இருந்தால்தான் இது நடக்கும். கெட்டியாகிவிட்டால் தலைகீழ்: உடம்பில் இருக்கும் நீரையும் குடல் இழுத்துக்கொள்ளும், போக்கு கூடும். குழந்தைக்கு இரத்தத்தில் உப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த எளிய கரைசலின் அருமை தெரிய 1971-க்குப் போக வேண்டும். வங்கதேசப் போரில் தப்பி வந்த மக்கள் நிரம்பியிருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் மறைந்தார், மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அந்த மருந்துதான் இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைத் தப்பாகக் கரைத்து வீணாக்குவது மனசுக்குப் பொறுக்கவில்லை.

சரி, எப்படிக் கொடுப்பது? கொதித்து ஆறிய நீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து, முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பழச்சாறோ கூடுதல் சர்க்கரையோ வேண்டாம். கரைத்த பிறகு சுட வைக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. அட்டைப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பேரைப் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை நம்பிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். உரிய அளவில் தயாரிக்காத பானங்களில் அந்தப் பேரே இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று இருக்கிறதா பாருங்கள்.

குழந்தை என்றதும் இன்னொன்று. ஆறு மாதம் முடியாத பிள்ளைக்கு வெயில் காலத்திலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்தான். "தொண்டை காயுது பாரு" என்று சங்கில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினால் அந்தச் சின்ன வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும், கிருமியும் போய்ச் சேரும். தண்ணீரைத் தாய்க்குக் கொடுங்கள்.

நாளைக்கு எட்டு டம்ளர் என்ற கணக்கை வேதவாக்காகப் பிடித்துக்கொள்வதும் தவறுதான். ரசம், சாம்பார், மோர், பழம் எல்லாவற்றிலும் நீர் இருக்கிறது. டீயும் கணக்கில் சேரும், அளவாகக் குடித்தால் அது உடம்பை வற்றடிக்காது. அதே சமயம், நிறையக் குடித்தால் நல்லது என்று சவாலுக்குக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம்.

கிட்னி, இதய நோயாளிகள் விஷயத்தில் பொது அறிவுரை எதையும் கேட்காதீர்கள், இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான். டாக்டர் ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர். "இளநீர் குளிர்ச்சி" என்று அன்பாக வெட்டிக் கொடுப்பது கிட்னி பழுதானவருக்கு இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம். 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, அதை வெளியேற்ற அவருடைய கிட்னியால் முடியாது.

மற்றவர்களுக்கு அளவுகோல் கழிவறையிலேயே இருக்கிறது. சிறுநீர் இளம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். கடுங்காப்பி நிறத்துக்குப் போனாலோ, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே வராவிட்டாலோ தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்ட நாளில் மட்டும் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.